தங்கத்தோழனுக்காகப் பட்டினி

உலகத்து ஏழைகளை நினைக்க வேண்டும் என்றுதான் சோணைமுத்து கண்ணை மூடினார். வந்து நின்றது உளுந்தவடை. அதுவும் ஒன்று இரண்டல்ல, தாம்பாளம் நிறைய. மேலே எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருக்கிறது, ஓட்டை வழியாகச் சட்னி தெரிகிறது. சீச்சீ என்று வடையை ஒதுக்கிவிட்டு மறுபடியும் ஏழைகளைக் கூப்பிட்டார். அவர்கள் வருவதாகக் காணோம். விடிந்ததிலிருந்து இதே வேலைதான். மதுரை செல்லூரில், கண்மாய்க்கரைப் பொட்டலில், சாமியானா போட்டு, மேடை போட்டு, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் பத்துப் பன்னிரண்டு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில், தங்கத்தோழன் மகிபாலன் ரசிகர் மன்றத்தின் தலைவர் என்ற முறையில், கழுத்தில் மாலையோடு சோணைமுத்து. முதுகுக்குப் பின்னால் பேனர். அதில் மகிபாலன் கைகூப்பி நிற்கிறார், பக்கத்தில் பூமி உருண்டை. பூமியைவிட மகிபாலன் பெரிதாக இருக்கிறார். அது பேனர் அடித்தவர் தன் பங்குக்குச் செய்த மரியாதை. ஆடிக்காற்று அடிக்கும்போதெல்லாம் பேனர் வந்து முதுகில் படபடவென்று மோதுகிறது, தங்கத்தோழனே தட்டி, நினைச்சியா, நினைச்சியா என்று கேட்பது போலிருக்கிறது. நினைக்கிறேண்ணே, நினைச்சுக்கிட்டேதான் இருக்கேன், இந்த வடைதான் விடமாட்டேங்குது என்று மனசுக்குள்ளேயே பதில் சொன்னார்.

தங்கத்தோழன் யார் என்று செல்லூரில் கேட்டால் அடி விழும். முப்பது வருடமாகத் திரையில் ஓடி, பறந்து, அழுது, எத்தனையோ தங்கச்சிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த மனிதர். போன வருடம் திடீரென்று கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வெளிநாட்டில் ஒரு பெரிய மண்டபத்தில் ஏறி உலகத்தின் பசியைப் பற்றி இங்கிலீஷில் பேசினார். 'பசியில்லா பூமி' என்று ஓர் இயக்கம் அவரைத் தன் தூதராக வைத்துக்கொண்டது. மன்றத்து ஆட்கள் எல்லாரும் சோணைமுத்துவின் மிக்ஸி ரிப்பேர் கடையில் கூடி அந்தப் பேச்சைப் போனில் பார்த்தார்கள். ஒரு வரி புரியவில்லை. ஆனால் நடுவில் ஓரிடத்தில் தோழன் பேச்சை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, கீழே பார்த்தார். அந்தப் பார்வை எந்தப் படத்தில் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் எல்லாரும் அழுதார்கள். பிறகுதான் இந்த உத்தரவு வந்தது. என் பிறந்தநாளுக்குப் பால் ஊற்ற வேண்டாம், வெடி வேண்டாம், அன்னதானம் வேண்டாம். அன்று பகல் முழுக்கச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்து உலகத்து ஏழைகளை நினையுங்கள், நானும் உங்களோடு பட்டினி இருக்கிறேன். ஊருக்கு ஊர் மேடை. அதில் ஒரே ஒரு மேடைக்கு மட்டும் மதியத்துக்கு மேல் தோழனே போனில் முகம் காட்டிப் பேசுவார். அது எந்த மேடை என்று மாவட்டப் பொறுப்பாளர் கார்மேகம் நேற்றுக் கடைக்கே வந்து சொன்னபோது, சோணைமுத்துவின் கையிலிருந்த ஸ்குரூடிரைவர் கிரைண்டருக்குள் விழுந்துவிட்டது. "உங்க மேடைதாண்ணே. பேரு அனுப்பியாச்சு. தோழன் உங்களப் பேரு சொல்லித்தான் கூப்புடுவாரு. ஒண்ணே ஒண்ணு, பச்சத் தண்ணியத் தவிர வாயில எதுவும் படக்கூடாது. நேராவே கேப்பாரு, பசிய உணர்றீங்களான்னு." பேர் சொல்லி. சோணைமுத்து என்று. அந்தக் குரலில். இப்போது நினைத்தாலும் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி மேலே வருகிறது; அது பசியா சந்தோஷமா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

தோழன் இதுவரை சோணைமுத்துவிடம் பேசியதே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பேசியிருக்கிறார். பல வருடத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரசிகர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். வரிசையில் வெகுநேரம் நின்று, நகர்ந்து, கடைசியில் பக்கத்தில் போய் நின்றபோது தோழன் மேலிருந்து சந்தன வாசனை வந்தது. அவர் திரும்பினார். சோணைமுத்துவின் கண்ணைப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். அவ்வளவுதான், ஆனால் அது போதுமே. என்னப் பாத்து, என்னை மட்டும் பாத்து, தம்பின்னாரு என்று சொல்லாத ஆள் கிடையாது, மிக்ஸி கொடுக்க வந்தவர்கள் ஜாரை வைத்துவிட்டு நின்று கேட்டுத்தான் போக வேண்டும். மனைவி அங்கயற்கண்ணி மட்டும்தான் இதில் மயங்காதவள். "தள்ளி நில்லுன்னதுக்கே இந்த ஆட்டம். கிட்ட வான்னுருந்தா எங்கள விட்டுட்டே ஓடியிருப்பீங்க" என்பாள். அவளும் லேசுப்பட்ட ரசிகை அல்ல. அவளை அவர் முதன்முதலில் பார்த்ததே தோழன் படத்தின் முதல் காட்சியில்தான். பார்த்ததுகூட அப்புறம், முதலில் கேட்டது. தோழன் திரையில் வந்ததும் பெண்கள் பக்கமிருந்து ஒரு விசில் கிளம்பியது பாருங்கள், ஆண்கள் பக்கம் அத்தனை பேரும் படத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். தாவணி, ரெட்டைச் சடை, வாய்க்குள் இரண்டு விரல். பிறகு பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளைக்கு ஏதாவது கேட்கணுமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். ஒரு விசில் அடிக்கச் சொல்லுங்கள் என்று வாய் வரை வந்தது, தைரியம்தான் வரவில்லை. இன்று காலையிலும் அவள்தான் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "மயக்கம் கியக்கம் வந்தா மேடையிலேயே படுத்துக்கங்க. கீழ விழுந்து மானத்த வாங்காதீங்க" என்றாள். அந்த நேரம் அடுப்பில் அவளுக்கான தோசை வெந்துகொண்டிருந்தது, ஓரத்தில் முறுகலாக, பொன்னிறமாக. மறுபடியும் சாப்பாடு. எந்தத் தெருவில் நுழைந்தாலும் மனசு கடைசியில் அடுப்படிக்கே வந்து சேர்கிறது.

சரி, ஏழைகள். எங்கே விட்டோம்? கண்ணை இறுக்கி மூடி, பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய உலகப்படத்தைக் கொண்டுவந்தார். மஞ்சள், பச்சை, ஊதா. ஆப்பிரிக்காவை நினைக்கச் சொல்லியிருந்தார் கார்மேகம், அதனால் ஆப்பிரிக்காவைத் தேடினார். கிடைத்தது. ஆனால் பார்க்கப் பார்க்க அது ஆட்டு ஈரல் போலவே இருந்தது, மிளகு தூவிச் சட்டியில் புரட்ட வேண்டியதுதான் பாக்கி. பயந்துபோய்க் கண்ணைத் திறந்தார். படம் சரிப்படாது, ஆள் வேண்டும், ஒரே ஒரு ஆள். பேனரின் மூலையில் ஒரு சின்னப் புகைப்படம் உண்டு. தூரதேசத்தில் ஏதோ ஒரு முகாமில் மகிபாலன் ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறார். நாலு வயசு இருக்கும். தோழன் கேமராவைப் பார்க்கிறார், பிள்ளை தோழனின் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். சோணைமுத்துவுக்கு முதலில் வந்தது பொறாமை, வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் வந்தது. தோழன் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறான், தூக்கி வைத்திருப்பது யாரென்றே தெரியாமல்! ஒரு படம்கூடப் பார்த்திருக்க மாட்டான். பெயர் என்னவோ. தோழனுக்காவது தெரியுமா? தெரிந்திருந்தால் பேனரில் போட்டிருப்பார்கள். பேர் இல்லாமல் ஒருவனை எப்படி நினைப்பது என்று தானே ஒரு பெயர் வைத்தார்: வீரணன். வீரணன் இன்றைக்கு என்ன சாப்பிட்டிருப்பான்? கஞ்சியாக இருக்கும். கஞ்சிக்குத் தொட்டுக்க என்ன வெஞ்சனம்? அந்த ஊரில் குழம்பு உண்டா? புளி உண்டா? அங்கேதான், முள்வேலியில் வேட்டி மாட்டியது போல மனசு நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. புளி உண்டா, புளி இல்லாமல் ஒரு பிள்ளை எப்படிச் சோறு தின்னும், ஒருவேளை எலுமிச்சையா, மாங்காயா, இல்லை, புளி உண்டா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரியாஸிடம் கேட்டே விட்டார். ரியாஸ் மன்றத்துப் பொருளாளர், வளையல் கடை வைத்திருக்கிறவர். ரம்ஜானில் ஒரு நோன்பு விடாதவர் என்பதால் இன்று அத்தனை பேரிலும் அவர் ஒருவர்தான் தெளிவாக இருந்தார். விடிவதற்கு முன்பே எழுந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவர் அவர். சோணைமுத்துவோ ஆர்வக்கோளாறில் நேற்று ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டு வந்தவர். "புளியா?" என்றார் ரியாஸ், உதட்டை அசைக்காமல். "புளியே அங்கிட்டு இருந்துதாண்ணே இங்கிட்டு வந்துச்சு. போன்ல ஒரு வீடியோவுல பாத்தேன். மரமே அந்த ஊரு மரமாம்." நெசமாவா என்றார் சோணைமுத்து. நெசந்தாண்ணே என்றார் ரியாஸ். அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் ஒரு குளுமை ஓடியது. அப்படியென்றால் நம் வீட்டுக் குழம்புக்குத் தாய்வீடே வீரணன் ஊர்தானா? இத்தனை காலம் தட்டில் ஊற்றித் தின்றும் தெரியாமல் போச்சே! "அப்ப வீரணன் நமக்குச் சொந்தம்டா" என்று சத்தமாகவே சொல்லிச் சிரித்துவிட்டார். மேடை ஓரத்தில் போனும் கையுமாக நின்ற கார்மேகம் திரும்பி முறைத்தார். பட்டினி கிடக்கிற தலைவர் சிரிப்பது கேமராவுக்கு ஆகாது.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. பயம் எப்போதும் அப்படித்தான், சிரிப்பு எழுந்து போகிற இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். போன் வராவிட்டால்? கடைசி நேரத்தில் திருச்சி மேடைக்குப் போய்விட்டால்? வந்தும் சிக்னல் இல்லாவிட்டால்? வந்து, சிக்னல் இருந்து, தோழன் சோணைமுத்து என்று கூப்பிடும் நேரம் பார்த்துத் தனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டால்? பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலோ மிக்ஸி ஓடியது. முதலில் கடகட, பிறகு இழுவை, பிறகு மெத்தென்று ஒரு சத்தம். தேங்காயும் பொட்டுக்கடலையும் என்று காதே சொல்லிவிட்டது. வாழ்நாளெல்லாம் சட்னியின் சத்தத்தோடு பிழைக்கிறவனைப் பட்டினி போட்டால் இப்படித்தான், காதாலும் பசிக்கும். இதெல்லாம் போதாதென்று மேடைக்கு எதிரே அண்டாக்கள் வேறு. அதுதான் பெரிய கொடுமை. இந்த வருடம் அன்னதானம் கிடையாது என்று சாமியானாக்காரருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மகிபாலன் பிறந்தநாள், செல்லூர்ப் பொட்டல் என்றால் அவர் ஆட்களுக்கு மற்றதெல்லாம் மனப்பாடம். வழக்கம் போல வந்தார்கள், வழக்கம் போல மூன்று பெரிய அண்டாக்களையும் அடுப்புக் கல்லையும் விறகையும் இறக்கினார்கள், கரண்டிகளைச் சாய்த்து வைத்தார்கள், டீ குடிக்கப் போய்விட்டார்கள். விடிந்ததிலிருந்து அந்த மூன்று அண்டாக்களும் வாயைத் திறந்துகொண்டு சோணைமுத்துவையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அண்டா இறங்கினால் ஆட்கள் வராமல் இருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை வேறு. வெயில் உச்சிக்கு வரும்போது பின்தெருக்களிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள், கையில் தூக்குவாளி, குண்டா, இடுப்பில் பிள்ளை. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், தறிக்குப் போகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள். வருடா வருடம் இந்த ஒரு நாள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்காமல் வருகிறவர்கள். சோணைமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்களிடம் யாரும் சொல்லவே இல்லையே! போஸ்டர் ஒட்டினோம், பேனர் கட்டினோம், உலகத்துக்கே சொன்னோம், பின்தெருவுக்குச் சொல்லவில்லையே. முன்னால் வந்து நின்றது பேச்சியக்கா; வருடா வருடம் வரிசையை ஒழுங்குபடுத்துகிறவள் அவள்தான், அவள் ஒரு அதட்டுப் போட்டால் போலீஸ்காரர்கூட வரிசையில் நிற்பார். "ஏண்ணே, இன்னும் அடுப்பே பத்தலையே?" என்றாள். சோணைமுத்து ரியாஸைப் பார்த்தார். ரியாஸ்தான் சொன்னார், "இந்த வருசம் சோறு கெடையாதுக்கா. உண்ணாவிரதம்." "யாருக்கு?" "ஏழைங்களுக்கு." பேச்சியக்கா யோசித்தாள். "ஏழைங்க உண்ணாவிரதம் இருக்காங்களா?" "இல்லக்கா, அவங்களுக்காக நாங்க இருக்கோம்." "எந்த ஏழைங்க?" ரியாஸ் பேனர் மூலையைக் காட்டி, "உலகத்து ஏழைங்க" என்றார். திட்டப் போகிறாள் என்று சோணைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டவில்லை. பேனர் கிட்டே போய், கண்ணுக்கு மேல் கை வைத்து, அந்தப் பிள்ளையை நன்றாகப் பார்த்தாள். "பாவம், கண்ணு வத்திப் போயிருக்கு புள்ளைக்கு" என்றாள். பிறகு திரும்பி அண்டாவைப் பார்த்தாள், அப்போதுதான் குரல் ஏறியது. "அது சரி, பொறந்தநாளும் அதுவுமா வெறும் அண்டாவ வாயத் தொறந்து போட்டு வச்சிருக்கீங்களே, தோழன் உசுருக்கு ஆகுமாய்யா? வெறும் பாத்திரம் பாத்துக்கிட்டு இருந்தா அந்த மனுசனுக்கு ஆயுசு வளருமா? ஆம்பளைங்களுக்கு ஒரு எழவும் தெரியாது. ஏ, வாங்கடி!" என்று சொல்லிவிட்டு வந்த வேகத்தில் பின்தெருவுக்குள் போய்விட்டாள்.

போனவர்கள் திரும்பி வந்தபோது வாளிகள் காலியாக இல்லை. ஒரு வீட்டிலிருந்து ரேஷன் அரிசி, ஒரு வீட்டிலிருந்து கத்திரிக்காய், ஒரு வீட்டிலிருந்து இரண்டு முருங்கைக்காய், ஒருத்தி முந்தானையில் வெங்காயம், இன்னொருத்தி செய்தித்தாளில் சுற்றிய நெத்திலிக் கருவாடு. அங்கயற்கண்ணியும் கூட்டத்தில் வருவதைச் சோணைமுத்து பார்த்தார். தலையில் அரிசிப் பை, கையில் புளி உருண்டை. மேடையில் இருக்கிற புருஷனை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, விருந்து வீட்டுக்காரி மாதிரி நேராக அடுப்புக்குப் போனாள். விறகு பற்றியது. கார்மேகம் ஓடி வந்து காதில் கிசுகிசுத்தார், "அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க, கேமராவுல பொகை தெரியும்." சோணைமுத்து அடுப்பைப் பார்த்தார். "அவங்க வீட்டு அரிசி, அவங்க வீட்டுப் புளி. நம்ம எப்பிடிய்யா நிறுத்துறது?" என்றார். சொல்லும்போதே உள்ளே ஒரு குரல் கேட்டது, நிறுத்த முடியாதா, நிறுத்த மனசில்லையா? மனசில்லை, ஒத்துக்கொண்டார். எண்ணெயில் கடுகு வெடித்தது, அடுத்து வெந்தயம், அடுத்து வெங்காயம் வதங்குகிற வாசனை, ஆடிக்காற்றுக்கு இன்று வேறு வேலையே இல்லை, மொத்த வாசனையையும் அள்ளி மேடைக்கே கொண்டுவந்து கொட்டியது. மன்றத்துச் செயலாளர் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார், உலகத்து ஏழைகளுக்காக அழுகிறார் என்று கார்மேகம் அதையும் படம் எடுத்துக்கொண்டார். பிறகு புளித்தண்ணீர் இறங்கியது. அது கொதிக்கத் தொடங்கியபோதுதான், காலையிலிருந்து கூப்பிட்டும் வராத வீரணன், கூப்பிடாமலேயே வந்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டல்ல, அவன் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்து, மூக்கைத் தூக்கி, ஆச்சா, ஆச்சா என்று அவன் ஆத்தாளை அரித்துக்கொண்டு. எந்தப் பாஷையில் அரித்தானோ, சோணைமுத்துவுக்குப் புரிந்தது. அவனுடைய ஆத்தா கரண்டிக் காம்பால் அவன் மண்டையில் ஒன்று வைத்தாள், அதுவும் புரிந்தது. அட, இவனா ஏழை, இவன் பசிச்ச பய, நம்ம பய! தோழன் சொன்னபடி செய்துவிட்டோம், நினைத்துவிட்டோம் என்று இருந்தது. போன் வந்தால் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் போன் வரவில்லை, சோறுதான் வெந்து இறங்கியது. இறங்கியும் ஒருவரும் தட்டை நீட்டவில்லை. அத்தனை பேரும் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோணைமுத்துவுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை, விளங்கியதும் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பொட்டலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வருடமோ, வேறெங்கோ அன்னதானத்தில் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு என்று செய்தி வந்த நேரம், பேச்சியக்கா கையைக் கட்டிக்கொண்டு, மொத வாய் தலைவரு தின்னட்டும் என்று வேடிக்கையாகச் சொன்னாள். அவரும் தின்றார். அந்த வருடம் எல்லாருக்கும் வயிறு நிறைந்தது, சாதம் மிஞ்சவும் மிஞ்சியது. அதிலிருந்து தலைவர் ஒரு வாய் போடாமல் இங்கே கரண்டி எழும்பாது, அது ராசியாகிவிட்டது. "நான் வேணா மொத வாய் போடுறேன்" என்றார் ரியாஸ், பெரிய தியாகம் போல. "நீங்க தலைவரில்ல" என்றாள் பேச்சியக்கா. கார்மேகம் கையைப் பிசைந்தார். "போன் வந்து முடியட்டும்ணே, அப்பறம் தின்னுங்க, ஒரு தடையும் இல்ல." எப்ப வரும் என்று சோணைமுத்து கேட்டார். "எப்ப வேணாலும் வரும்ணே. இப்பயும் வரலாம், பொழுது சாஞ்சும் வரலாம்." அங்கயற்கண்ணி ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, குழி பறித்துக் குழம்பை ஊற்றி, மேடைப் படிக்கட்டில் கொண்டுவந்து வைத்தாள். "ஏங்க, ஒரு வாய் போட்டுட்டு ஏறிக்கங்க. புள்ளைங்க நிக்குது" என்றாள், தாழ்ந்த குரலில், கிண்டல் இல்லாமல். "போன் வருமே, கண்ணி. பேரு சொல்லிக் கூப்புடுவாரே" என்றார். அவளுக்குத் தெரியும் அது என்ன என்று, அவளைத் தவிர யாருக்குத் தெரியும். அதனால் தட்டை எடுக்காமல் அதன் பக்கத்திலேயே நின்றாள். பேர் சொல்லி. ஒரு வாய்தானே, யாருக்குத் தெரியப் போகிறது? தெரியாதுதான், ஆனால் தோழன் நேராகக் கேட்பாரே, பசியை உணர்றீங்களா என்று. அவரிடம் போய்ப் பொய்யா? அப்படியானால் தின்னக் கூடாது. தின்னாவிட்டால் சோறு ஆறும், பிள்ளைகள் நிற்கும். பிள்ளைகள் பசியோடு நிற்க, மேடையில் உட்கார்ந்து பசியை உணர்றேண்ணே என்பதும் ஒரு பொய்தானே? சுற்றிச் சுற்றி வந்தது மனசு, செக்குமாடு தோற்றது. சுற்றிய சுற்றில் திடீரென்று ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. உலகத்து ஏழைகளுக்கு இந்த நிமிஷம் சோணைமுத்துவால் ஆகக்கூடிய உதவி உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது, வாயைத் திறப்பது! அதை நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாலையைக் கழற்றி ரியாஸ் கழுத்தில் போட்டார். படியில் இறங்கி, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கையைக் கழுவி, பிசைந்தார். சூடு விரலைச் சுட்டது. முதல் கவளம் உள்ளே போனது.

ஐயோ, அந்த ருசி! நாக்கில் புளி பட்டதும் காது வரை இனித்தது. கத்திரிக்காய் வாயிலேயே கரைந்தது, கருவாடு ஒரு கடி கடித்ததும் உப்பு விட்டது. பின்னால் கரண்டிகள் அண்டாவில் இறங்கும் சத்தம், தட்டுகள் நீளும் சத்தம், பேச்சியக்காவின் அதட்டல், பிள்ளைகள் கூச்சல். ஒரு வாய் என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, இரண்டாவது வாய், மூன்றாவது வாய். மேடை காலியாகிக்கொண்டிருந்தது, மன்றத்து ஆட்கள் ஒவ்வொருவராக வேட்டியை மடித்துக்கட்டி வரிசைக்குப் பின்னால் போய் நின்றார்கள். போச்சு, பேர் போச்சு, முப்பது வருடம் போச்சு என்று உள்ளே ஒரு மூலையில் ஒருவன் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் சேர்த்து ஒரு கவளம் உருட்டினார். அதை வாயில் போட்டதும் கார்மேகம் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணே! தோழன்! தோழன்! வாயத் தொடைங்க!" கை முழுக்கக் குழம்பு, எச்சில் கை, போனைத் தொட முடியாது. ரியாஸ் பறித்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடித் திரையில் மகிபாலன். மேக்கப் இல்லை, தாடியில் வெள்ளை தெரிகிறது. "சோணைமுத்து" என்றார். கூப்பிட்டுவிட்டார்! அந்தக் குரலில், 'முத்து'வைக் கொஞ்சம் இழுத்து, சோணைமுத்துவின் அம்மா கூப்பிட்டதைவிட அழகாக. உடம்பெல்லாம் சிலிர்த்தது, கண் நிறைந்தது, வாயும் நிறைந்திருந்தது. "சோணைமுத்து, இன்னிக்கு உலகத்துல கோடிக்கணக்கான வயிறு காலியா இருக்கு. அந்தப் பசிய நீங்க இப்போ உணர்றீங்களா?" கார்மேகம் போனுக்குப் பின்னால் நின்று, ஆமாம் சொல்லுங்க, ஆமாம் சொல்லுங்க என்று தலையை ஆட்டினார். ஒரு ஆமாம்தான். ஆனால் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சோற்றைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. நிதானமாக மென்று விழுங்கினார். "இல்லண்ணே. சாப்பிட்டுக்கிட்டு இருக்கேண்ணே" என்றார். கார்மேகம் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் என்ன கேட்பாரோ அதுதான் சோணைமுத்துவின் வாயில் அடுத்து வந்தது. "நீங்க சாப்டீங்களாண்ணே?" திரையில் முகம் அப்படியே நின்றது; இணைப்பு அறுந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அறவில்லை, கண் இமைத்தது. பக்கத்திலிருந்து யாரோ பேச வேண்டியதை எழுதிய தாளை நீட்டினார்கள், மகிபாலன் அந்தக் கையை ஒதுக்கினார். "இல்லப்பா" என்றார். எந்தப் படத்திலும் அவர் பேசியிராத சின்னக் குரல் அது. "காலைலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல. தலை சுத்துது. இதையெல்லாம் இங்க யார்கிட்டயும் சொல்லவும் முடியல." பிறகு முகம் திரைக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்தது, கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரிந்தது.

"என்ன கொழம்பு?" என்று கேட்டார்.

சோணைமுத்து தட்டைத் தூக்கிப் போனுக்கு நேராகப் பிடித்தார்.